தட்டுக்கு அடியில் ஆட்டின் ஏழு

மச்சான்,

காலையிலிருந்து என் விரலில் ரப்பர்ப்பால் நாற்றம். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. குளுவாங் ஸ்டேஷனில் காப்பி ஆற்றுகிறவன் கையில் ரப்பர்ப்பாலுக்கு என்ன வேலை என்று இந்த ஊரில் யாரும் கேட்கலாம், நீ கேட்க மாட்டாய். நீ போன பிறகு இந்த நாற்றம் என் கைக்கு வந்தது இன்றுதான். அடுப்படியில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

அந்தச் சீட்டுக்கட்டு சிங்கப்பூரிலிருந்து வந்த அன்று உன் கால் தரையில் நிற்கவில்லை. ரயிலை அனுப்பிவிட்டுப் பச்சைக் கொடியும் கையுமாக ஓடி வந்து, "ஒரு சீட்டு எடு பாய்" என்றாய். எடுத்தேன், ஆட்டின் ஏழு, சிவப்பு இதயம் ஏழு போட்ட சீட்டு. திரும்ப வைத்து எங்கே வெட்டினாலும் அதே ஏழு. நான் வாயைப் பிளந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாய். கட்டில் பாதி ஆட்டின் ஏழு, எல்லாம் மயிரிழை குட்டை. மீதிப் பாதி வேறு வேறு சீட்டு. ஏழுக்குக் கீழே ஒன்று, அடுத்த ஏழுக்குக் கீழே ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியது. கட்டைவிரலால் சரசரவென்று விட்டால் குட்டைச் சீட்டுகள் மறைந்து சாதாரணக் கட்டாகத் தெரியும். வெட்டினால் கீழ்ப்பாதியின் தலையில் ஏழு வந்து நிற்கும்.

அதை வைத்து ரப்பர்த் தோட்டத் திருவிழாக்களில் உனக்கென்று ஓர் இடம் பிடித்தாய். காவடி இறங்கி, சாப்பாட்டுப் பந்தி போடுவதற்குள் உன் சீட்டு வித்தை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நீ வருஷம் முழுக்கக் கொடி பிடிக்கிறாய் என்று உன்னைக் கிண்டல் செய்வேன். நீயும் இல்லை என்று சொன்னதில்லை.

நம் ஊர் மழைதான் உன்னைக் கவிழ்த்தது. அடைமழைக் காலத்தில் ஒரு தோட்டத்தில் சீட்டுக்கட்டை எடுத்தாய். சீட்டெல்லாம் ஈரம் குடித்து உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விட்டன. விரலை விட்டதும் ஏழு ஏழாக எட்டிப் பார்த்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஜவுளிக்காரர், சைக்கிளில் மூட்டை கட்டித் தோட்டம் தோட்டமாகச் சேலை விற்பாரே அவர்தான், கட்டைப் பிடுங்கித் தரையில் பரப்பினார்.

"அலமாக்! பூரா ஏழு! இத வச்சுத்தான் நம்மள ஏமாத்திக்கிட்டு இருந்தியா தம்பி?"

சிரிப்பு அடங்கவில்லை. அவர் சேலை மூட்டையோடு உன் கதையையும் கட்டிக்கொண்டு தோட்டத்து லய வீடு வீடாகப் போனார். உன் பெயரே ஏழு ஆகிவிட்டது. "ஏழு, ரயில் வந்துடுச்சா?" என்று கேட்பார்கள், நீ கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். எந்தத் தோட்டமும் உன்னைக் கூப்பிடவில்லை. சீட்டுக்கட்டை அடுப்பில் போடு, வேறு வாங்கலாம் என்றேன்.

"எதுக்கு? கட்டுல பாதிதான் பாய் ஏழு. மீதிப் பாதிய நான் இன்னும் தொடவே இல்ல."

அப்புறம் ரயில் இல்லாத பொழுதெல்லாம் என் கடைப் பின்கட்டில்தான் கிடந்தாய். சீட்டுக்கட்டைக் காப்பி வறுக்கிற அடுப்புப் பக்கம் தகர டப்பாவில் வைத்தாய். ஈரம் கிட்டே வரவில்லை, காப்பி வாசனைதான் ஏறியது. ஏழு வரவழைக்கிற கட்டு ஏழு வராமலும் செய்யும் என்று கண்டுபிடித்தாய். வெட்டியதும் கீழ்ப்பாதியை விட்டுவிட்டு, மேல்பாதியின் அடிச்சீட்டைக் கொடுத்தால் போதும், அது எப்போதும் வேறு சீட்டுதான். "எல்லாருக்கும் ஏழு தெரிஞ்சு போச்சு. அதுதான் பாய் இப்ப நமக்கு வசதி" என்று நீ சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விளங்கியது. தோட்டத்து ஜனங்கள் சாமான் வாங்க வந்து கடையில் நெருக்கியடித்திருந்தார்கள். ஜவுளிக்காரர் நடு மேசையில். நீ நேராக அவரிடம் போய்க் கட்டை நீட்டினாய்.

"வெட்டுங்கண்ணே."

"இன்னும் வெக்கம் வரலியா உனக்கு?" வெட்டினார். நீ கொடுத்த சீட்டைப் பார்க்காமலே தலைக்கு மேல் தூக்கிக் கடைக்கே காட்டினார். "என்னன்னு சொல்லட்டா? ஆட்டின் ஏழு!"

கடை சிரித்தது. ஆனால் அவர் எதிர்பார்த்த சிரிப்பு இல்லை. திரும்பிப் பார்த்தார், கையில் கிளாவர் ராஜா. இன்னொரு தடவை வெட்டினார், டைமன் ராணி. நீ கட்டைச் சரசரவென்று விட்டுக் காட்டினாய். மருந்துக்கும் ஓர் ஏழு இல்லை.

"ஏழெல்லாம் எங்கலா போச்சு?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"எனக்கென்னண்ணே தெரியும்? காப்பி ஆறுது, குடிங்க."

அங்கேதான் என் வேலை. வாய் வைக்க முடியாத சூட்டில் கொண்டுபோய் வைத்திருந்தேன், மச்சான். அவ்வளவு சூடு என்றால் நம் ஊரில் யாரும் கோப்பைக்கு அடியில் வைக்கிற தட்டில் ஊற்றித்தான் குடிப்பார்கள். அவர் கோப்பையைத் தொட்டார், கையை எடுத்தார், மறுபடி கட்டைப் பார்த்தார். ஆறவிட்டுக் கோப்பையோடு குடித்துவிட்டால் எல்லாம் போச்சு, நீ சாகும்வரை ஏழுதான். நான் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். நீயோ வெளியே சிக்னலைப் பார்க்கிறவன் மாதிரி நின்றாய். கடைசியில் அவர் தட்டில் ஊற்றினார். இரண்டு கையாலும் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனார்.

தட்டின் அடி கடையைப் பார்த்தது. நான் ரப்பர்ப்பால் தடவி ஒட்டிய ஆட்டின் ஏழு அதில் சிவக்கச் சிவக்க இருந்தது.

கடை அதிர்ந்தது. ஸ்டேஷன் மலாய்க்காரர் மேசையில் அடித்தார், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பெண்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். தட்டைப் பிடித்திருந்தவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. "என்னாங்கடா? என்னா?" என்றார். யாரோ கைகாட்ட, குடித்து முடித்துத் திருப்பினார். பிறகு எழுந்து உன்னைக் கட்டிக்கொண்டார்.

"கட்டு எங்கன்னு ஒருத்தனும் கேக்கல, பாத்தியா பாய்?" என்று பின்கட்டில் என் காதில் சொன்னாய். அது டப்பாவுக்குள் எப்போதோ போயிருந்தது. அன்று உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அப்புறம் எந்த மேடையிலும் நான் பார்க்கவில்லை.

உன் மானத்தை வாங்கிய அதே வாய்தான் அந்தக் கதையையும் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனது. தன்னை முட்டாளாக்கிய கதையை அவர் சொன்ன அழகுக்கே உனக்கு அழைப்பு வந்தது. தைப்பூசத்துக்கு எத்தனை தோட்டங்கள் உனக்காகச் சண்டை போட்டன! காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும்வரை யாரும் உன்னை ஏழு என்று கூப்பிடவில்லை.

ஜவுளிக்காரர் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். காப்பி வைத்ததும் தட்டைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார். நீ போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பார்ப்பார், ஒன்றும் இருக்காது, ஊற்றிக் குடிப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இன்று விடியற்காலையில் ரப்பர்ப்பால் கேட்டு வாங்கி வந்தேன்.

டப்பாவைத் திறந்து ஆட்டின் ஏழு ஒன்றை எடுத்து ஒட்டினேன். அவர் தட்டில் இல்லை, மச்சான். அடுத்த மேசையில், ரயிலில் வந்து இறங்கிய ஒரு புது ஆளின் தட்டில். ஜவுளிக்காரர் வழக்கம்போலத் தன் தட்டைத் திருப்பிப் பார்த்தார், வைத்தார், நிமிர்ந்தார். எதிரே அந்த ஆள் தட்டைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டான்! வந்துட்டான்யா!" என்று அவர் எழுந்து நின்று கத்தினார். கடை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் உன்னைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

டப்பாவில் இன்னும் ஏழுகள் நிறைய இருக்கின்றன.