மின்னலைப் படம் பிடிக்கப் போனவன்

18 ஆடி 1987, சனி. லா சப்பல்.

"இந்திரனே எனக்குப் போஸ் கொடுப்பான்" என்று தெரு முழுக்கப் பறைசாற்றிவிட்டு, அக்கா என்னை நம்பிச் சண்டை நடக்கும் ஊரிலிருந்து இந்த அந்நிய நாட்டுக்கு அனுப்பிய பதினொரு வயது வாணியோடு ரயிலேறி, நகரத்துக்கு வெளியே கார்ஜுக்கு அப்பால் கோதுமை வயலுக்குப் போனேன். முகில் கறுத்தது. கமராவை முக்காலியில் பூட்டி, அவள் கையைப் பிடித்தபடி, ஏழுலகமும் வியக்கப்போகும் படத்துக்காகக் காத்து நின்றேன்.

இடி இடித்தது. ஊரில் விழுகிற ஷெல் குண்டு என்று நினைத்துக் குப்புற விழுந்து தலையை மூடிக்கொண்டேன்.

எழும்பியபோது அவள் நின்ற இடத்திலேயே நனைந்துகொண்டிருந்தாள்.

"பயந்திட்டியோ பிள்ளை?"

"இடிதானே மாமா. ஆனா நீங்கள் என்ரை கையை விட்டிட்டியள்."

திரும்பும் ரயிலில் பகிடி விட்டுப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இதை அம்மாவுக்கு எழுதமாட்டன் மாமா" என்றாள், நான் கேட்காமலே.

எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தால் இப்போது நித்திரையாவது வந்திருக்கும்.