சாக்கடை குடித்த டானிக்

ஆடி மூன்றாம் வெள்ளி, 1986

மகள் வள்ளிக்கு ஆறு வயது. தொட்டதற்கெல்லாம் கத்துகிறாள், தட்டை எறிகிறாள், ஒளிந்திருந்து பலப்பம் தின்கிறாள். உடம்பில் ரத்தம் இல்லை, இரும்புச்சத்து குறைந்தால் குணமும் கெடும் என்று டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். என் மனைவி, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அவலூர்பேட்டைப் பூசாரியிடம் தாயத்து மந்திரித்து வந்தாள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினோம். நான் படித்தவன் என்பதால் ஆட்சேபிக்கவில்லை.

இன்று காலை குழந்தைக்கு மலம் கறுப்பாய்ப் போயிற்று.

"செய்வினை இறங்கிடுச்சி, பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"அது டானிக்கில் இருக்கிற இரும்பு. அப்படித்தான் போகும்னு டாக்டர் சொன்னாரே."

"வூட்ல சோறு இருக்குது. புள்ளைக்கு இரும்பு இன்னாத்துக்கு?"

குணமான பிள்ளைக்கு மருந்து ஆகாதென்று மீதி டானிக்கைச் சாக்கடையில் கொட்டிவிட்டாள். எங்கள் தெருச் சாக்கடைக்கு இனிக் கோபம் வராது.

இன்னொரு பாட்டில் வாங்கி ஒளித்துக் கொடுக்கலாம். மறுபடி கறுப்பாய்ப் போகும். செய்வினை திரும்பிவிட்டது என்பாள். அடுத்து பூசாரி பிள்ளையை வேப்பிலையால் அடிப்பான்.

சாயங்காலம் வள்ளி தன் கையைத் தானே பல் பதியக் கடித்துக்கொண்டாள். ஏனம்மா என்று கேட்டேன்.

"தெரியல நைனா. நீயாச்சும் அத நிறுத்தச் சொல்லு" என்றாள்.

யாரிடம் சொல்ல?