தன்னன்னா தானா

ஜூன் 20

அன்புள்ள தாளத்துக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. விடுதி பிரமாதம், சாப்பாடு பிரமாதம், அறைத்தோழிகள் பிரமாதம் என்று எழுதியிருக்கிறாய். சரி, பிரமாதமாக இரு. என்னை நினைத்ததாக ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

அங்கே போன் கிடையாது என்பதால் மெட்டைத் தாளில் எழுதி அனுப்பியது நல்ல யோசனை. 'தன்னன்னா தானா, தன்னன்னா தானா, தானே தனத்தானே.' பஸ்ஸில் பாடினேன். பாத்திரம் கழுவும்போதும் பாடினேன். பாடப்புத்தகச் செய்யுளை எத்தனை முறை படித்தாலும் மனதில் நிற்பதில்லை. அர்த்தமே இல்லாத உன் தன்னன்னா மட்டும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. ஏன் என்று உனக்காவது தெரியுமா?

நீ மெட்டு, நான் வரிகள் என்பது நம் ஆறாம் வகுப்பு ஒப்பந்தம். இதோ என் பங்கு:

உன் பெஞ்சின் ஓரம் என் பையைப் போட்டேன்
யாரோ அமர்வாரோ

மெட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, பார்த்தாயா?

ஆவலுடன்,
புழு

ஜூன் 29

அடியே புத்தகப் புழு,

கெட்டது போ! அது விளையாட்டு விழா அணிவகுப்புக்கான பாட்டு. சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் அணி மொத்தமும் கையை வீசி நடந்துகொண்டே "யாரோ அமர்வாரோ" என்று பாடினால், பார்க்கிறவர்கள் நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள்!

அறையில் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உன் ஃப்ரெண்டு யாருக்குடீ ஒப்பாரி வைக்கிறா?" என்றாள் என் மேல்கட்டில்காரி. அவளும் பாட்டு எழுதுவாளாம். "நான் எழுதித் தரேன், தபாலுக்கு எதுக்குக் காத்துக் கிடக்கிறே?" என்கிறாள். அணித் தலைவி அவசரப்படுத்துகிறாள். சீக்கிரம் எழுது, துள்ளலாக எழுது.

தாளம்

ஜூலை 5

அன்புள்ள தாளத்துக்கு,

நீ படித்துக் காட்டியிருக்க வேண்டாம். அது உனக்கு எழுதியது.

ஆனால் எனக்குக் கோபத்தைவிடச் சந்தேகம்தான் பெரிதாக இருக்கிறது. அம்மா தையல் மெஷினை வேகமாக மிதித்தபோது கூடவே தன்னன்னா பாடினேன். குதித்தது. காலர் வளைவு வந்ததும் அம்மா மெதுவாக மிதித்தார். அதே தன்னன்னா கனத்துப்போனது. அம்மா நிமிர்ந்து பார்த்து, "என்னடி, இப்பதான் ஆடிட்டிருந்தே, அதுக்குள்ள அழறியா?" என்றார்.

அளவு ஒன்றேதான், வேகம்தான் வேறு. அந்த வேகத்தை நீ தாளில் எழுதவே இல்லை. அப்படியானால் நான் ஏன் முதலிலிருந்தே மெதுவாகப் பாடினேன்? வேறு மாதிரி பாடலாம் என்று தோன்றவே இல்லையே!

இதோ, துள்ளல்:

கை வீசிப் போவோம் கால் மாற்றிப் போவோம்
வாரீர் ஜெயிப்போமே

மேல்கட்டில்காரி எழுதியது இதைவிட நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள். உன் மெட்டு எனக்குத் தப்பாகத்தான் கேட்கும் என்றால், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதுதான் நியாயம். கூச்சப்படாமல் சொல்லிவிடு.

புழு

ஜூலை 22

அன்புள்ள புழுவுக்கு,

உன் 'வாரீர்' கேட்டு எல்லோரும் கேலி செய்தார்கள். மைதானத்தில் அதைத்தான் தொண்டை கிழியக் கத்தினார்கள். எங்களுக்கு இரண்டாம் பரிசு.

விழா முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போயிருந்தார்கள். மேல்கட்டில்காரி சீருடையை மடித்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தாள். உற்றுக் கேட்டால் உன் பழைய வரிகள், மெதுவாக. "சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான்டீ இருக்கு" என்றாள். அப்புறம், "எங்க வீட்ல என் இடத்துல இப்போ யாரு படுக்கிறாளோ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஏன் முதலிலிருந்தே மெதுவாகப் பாடினேன் என்று நீ கேட்டதற்குப் பதில் இதுதான். இங்கே வந்த முதல் நாள் சாயங்காலம் பெட்டியைத் திறக்க மனமில்லாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். விரல் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த மெட்டு வந்தது. மெதுவாகத்தான் வந்தது. யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று நான்தான் வேகமாக்கினேன். பிரமாதம், பிரமாதம் என்று உனக்கு எழுதியதும் அந்த வேகத்தில்தான்.

உனக்குத் தப்பாகக் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் கை வைக்காதே.

லீவுக்கு வருகிறேன். அதுவரை பையை எடுத்துவிடாதே.

தாளம்