சும்மானாச்சுக்கும் ஒரு பொணம்

அலமாரியை நகர்த்தியபோது அந்தப் பால் பவுடர் டப்பா உருண்டு வந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பால் வாசனை போய்விட்டது, துரு வாசனைதான். நாம் இருவரும் சேர்ந்து வேலை பார்த்த இந்தப் பால்வாடியில் ஒருநாள் அது சாவு மேளமாக இருந்தது என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

செல்வியை நினைத்துக்கொண்டேன். அப்போது நான்கு வயது. அவள் அப்பா பாம்பு கடித்து இறந்தபோது அவளை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தவளிடம், "அப்பா ஊருக்குப் போயிருக்காரு" என்றாள் அம்மா. எல்லோரும் சொல்வதுதான். ஆனால் ஊருக்குப் போனவர் பஸ்ஸில்தானே திரும்ப வேண்டும்? வல்லக்கோட்டை பஸ்ஸின் ஹாரன் கேட்டால் செல்வி சாலைக்கு ஓடுவாள். மறைமலை நகருக்குச் செங்கல் ஏற்றிப்போகும் லாரிகள் அப்போதுதான் அந்தப் பக்கம் வரத் தொடங்கியிருந்தன. ஒரு டிரைவர் அவளுக்காக லாரியை முள்ளுக்குள் இறக்கிவிட்டார். அதன் பிறகு நீயும் நானும் முறை வைத்து வாசலை மறித்தோம். அம்மா அடித்தும் பார்த்தாள். ஓட்டம் நிற்கவில்லை.

அந்த வாரத்தில்தான் பிள்ளைகள் சாவு விளையாடினார்கள். அந்தோணி பொணம். பால் குடிக்கக்கூட ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, கண்ணை மூடி நீட்டிப் படுத்திருந்தான். கன்னியப்பன் டப்பாவைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அடித்தான்.

"சங்கு ஊதுங்கடா."

"எங்க சாவுல சங்கு கெடையாது. சிலுவ வெக்கணும்" என்றது பொணம்.

"பொணம் பேசக் கூடாது."

"சிலுவ வை. பேச மாட்டேன்."

குச்சிச் சிலுவையும் வந்தது, பூவரச இலைப் பீப்பியும் ஒலித்தது. பொணத்தின் உதடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் சாவு விளையாடினால் ஊரில் எழவு விழும் என்பார்கள். செல்வி வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தலாம் என்று எழுந்தேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "சும்மா இருடி. அடுத்து இன்னா பண்ணுதுங்கன்னு பாக்கலாம்."

செல்வி பொணத்தின் அருகே குந்தினாள். "எப்ப எய்ந்திருப்ப?"

"செத்தவங்க எய்ந்திருக்க மாட்டாங்க" என்றான் கன்னியப்பன்.

"பஸ்ல வருவாங்களா?"

"பொணம் எப்டி பஸ்ல வரும்? டிக்கெட் யாரு எடுப்பா?"

அந்தோணியால் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான்.

"எய்ந்துட்டியே" என்றாள் செல்வி.

"இது சும்மானாச்சுக்கும்."

"எங்கப்பா?"

கன்னியப்பன் டப்பா அடிப்பதை நிறுத்தினான். "உங்கப்பா நெசம். நான் பாத்தேன்."

செல்வி தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, "படு. நான் அழுவணும்" என்றாள். அது விளையாட்டு அழுகையா நிஜ அழுகையா என்று நாம் பல வருஷம் பேசியும் முடிவுக்கு வரவில்லை.

அழைத்துப்போக வந்த அம்மா கத்தினாள். "ஒப்பாரி கத்துக்கவா டீச்சர் புள்ளைய அனுப்பறேன்?"

"அது கேட்டுது, பசங்க சொல்லிட்டாங்க" என்றாய் நீ. "நாமதான் யாரும் சொல்லல." அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். செல்வி போய் அவள் மடியில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் ஹாரன் அடித்தபோது நாம் இருவருமே வாசலுக்குப் பாய்ந்தோம். செல்வி தலையைத் தூக்கினாள். பிறகு குனிந்து, மண்சோற்றில் ஒரு பிடி எடுத்துத் தனி இலையில் வைத்தாள். "இது காக்காவுக்கு."

சும்மானாச்சுக்கும் எது, நெசம் எது என்று அவர்களுக்கு யார் பிரித்துக் கொடுத்தது? நான் கேட்கும்போதெல்லாம் நீ ஒன்றையே சொல்வாய். "பொய்யின்னு தெரிஞ்சி ஆடற புள்ளைக்குத்தான் நெசம் புரியும்." சரியாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் எப்படி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் குழியில் மண் போட்டுவிட்டு வந்தவள் நான். காலையில் நீ வந்து இறங்கும் நேரத்துக்கு அந்த பஸ் ஹாரன் அடித்தால் இப்போதும் என் தலை தானாக நிமிர்கிறது.

டப்பாவை இன்று பிள்ளைகளிடமே கொடுத்தேன். நொடியில் அது பஸ் ஸ்டீரிங் ஆனது. கண்டக்டராக நின்ற குட்டிப் பெண் என்னிடம் வந்து, "எங்க போவணும்?" என்றாள்.

"ஊருக்குப் போனவங்க இந்த பஸ்ல திரும்பி வருவாங்களா?"

யோசித்தாள். "சும்மானாச்சுக்கும் வருவாங்க" என்றாள்.

ஏறிக்கொண்டேன். பக்கத்தில் உனக்கும் இடம் போட்டிருக்கிறேன்.