பதில் வந்தது, நீ இல்லை

நேற்று ஆயர் குரோவில் வேலை செய்யும் பேத்தி, தான் எழுதிய வலைப்பக்கம் ஒன்றைக் காட்டினாள். பக்கம் சில வினாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்குமாம். பதில் இல்லையென்றால் மேலே சிவப்புப் பட்டை வருமாம். "பதில் மட்டும் வந்தா பத்தாது தாத்தா. உள்ள வேலை நடக்குதான்னும் கேக்கணும். சிலது செத்த பிறகும் இருக்கேன்னு சொல்லும்" என்றாள். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நீ போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. இருந்தும் வந்தது.

ஐம்பத்தேழில் இங்கே விடுதலைக் கொடி ஏறிய நாள். அவசரத் தந்திக்காக மலாக்காவில் என்னையும், தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன அலுவலகத்தில் உன்னையும் உட்கார வைத்திருந்தார்கள். கால் மணிக்கு ஒருமுறை நான் கம்பியில் தட்டிக் கேட்பேன். இருக்கிறேன் என்பதற்கு நீ மூன்று தட்டு தட்டுவாய். அன்று காலை, காஜா பேராங்கில் எங்கள் அடுத்த வீட்டில் இருந்த முனியம்மா அக்கா அலுவலகத்துக்கு ஓடி வந்தார். கணவருக்கு மூச்சு இழுக்கிறது. உன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் மகன் உடனே வர வேண்டும். அனுப்பினேன். மூன்று தட்டு வந்தது.

விலாசத்தைத் திருப்பித் தட்டச் சொல்வதுதான் முறை. நான் எப்போதும் கேட்பேன். முந்தின வாரம் தெங்கேராவில் தேநீர் குடிக்கும்போது, "ஏன்யா, பொண்டாட்டி சோறு போட்டாலும் ரெண்டு தரம் கேப்பியா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாய். அந்தக் கூச்சத்தில் அன்று கேட்காமல் விட்டேன்.

நீயோ திடலில் நின்றுகொண்டிருந்தாய். கம்பி ஒலித்தால் மூன்று தட்டு தட்டும்படி காவல்காரருக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தாய். கொடி பார்க்கப் போனதற்குக் கோபமில்லை, எனக்கும் ஆசைதான். ஆனால் பதிலே வராதிருந்தால் வேறு ஊர் வழியாக அனுப்பியிருப்பேன். மௌனத்தை என்னால் கண்டுபிடிக்க முடியும். உன் பொய்யை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

யாரோ சொல்லி மகன் வந்தபோது சாம்பலும் கரைத்தாயிற்று. தந்தி வரவே இல்லை என்று அவன் சத்தியம் செய்தான். அதற்குள் நீ நடந்ததைச் சொல்லி, வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று என்னிடம் கெஞ்சியிருந்தாய். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. தந்தி போச்சுதானே?"

"போச்சுக்கா" என்றேன்.

அவர் கண் மூடும்வரை மகனோடு பேசவில்லை. அவன் இப்போது பக்கத்தில் செங் என்ற ஊரில் இருக்கிறான், என்னைவிட நான்கு வயது இளையவன். இரண்டு தடவை அவன் வீட்டுக் கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன்.