பந்தியில் வாசிக்க வேண்டிய ஓலை

மழை தவறாதிருக்க, மண் மலடாகாதிருக்க. மன்னரில்லா அரியணைக்கு ஆழித்துறையில் காவலிருக்கும் குரவநாட்டு அரசமாதா செங்கமல நாச்சியார், செந்தேரி மணலில் சிலுவை நாட்டி வாழும் துறவோர் மடத்துத் தந்தை சக்கரியா அடிகளாருக்குத் தலைவணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கிணற்றில் நீரும் துறவோர் நெஞ்சில் அமைதியும் குறையாதிருப்பதாக. எம்மிடத்தில் இரண்டும் குறைந்துவிட்டன.

எம் ஒரே மைந்தன் திருவுடையான், தந்தை மறைந்தபின் முடி சூடாமல் தங்கள் மடம் புகுந்ததைத் தாங்கள் அறிவீர். இன்று மேற்கரை மன்னன் வச்சிரபாகுவின் படை எம் எல்லை ஆற்றைக் கடந்து நிற்கிறது. யாருக்காகச் சாவது அம்மா, வெற்று அரியணைக்கா என்று எம் படைத்தலைவரே முகத்துக்கு நேரே கேட்டார். முடிக்குரியவன் தன் கையால் கோட்டைச் சாவியைத் தந்தால் ஊரைக் கொளுத்தேன், பெண் கையால் வாங்கேன் என்று வச்சிரபாகு சொல்லியனுப்பியிருக்கிறான். சாவி தருபவனின் உயிரைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. யாமும் கேட்கத் துணியவில்லை.

மைந்தனை அழைத்துவரச் சென்ற எம் தூதர் மருதங்கிழார் வெறுங்கையோடு திரும்பினார். தங்கள் வாயிலில் நடந்த பேச்சை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லிக் கேட்டோம். இளவரசர் என்று இங்கே எவருமில்லை ஐயா, துறவோரே உண்டு என்றீராம். பெற்றவளே வரட்டுமா என்று அவர் கேட்க, அரசமாதாவாயினும் பெண்கள் உள்ளே வர எம் ஒழுங்கு இடந்தராது என்றீராம். அவர் சினந்து, உங்கள் மதிலில் உட்காரும் காக்கையெல்லாம் ஆண்காக்கைதானா என்றாராம். தாங்கள் சிரித்து, அதை இதுவரை சோதித்ததில்லை என்றீராம். அந்தச் சிரிப்பை நம்பியே இதை எழுதுகிறோம்.

ஒழுங்கு, ஒழுங்கு என்கிறீரே, அது எங்கிருந்து வந்தது என்று அவர் விடாமல் கேட்டதற்கு, மடம் பிறந்த கதையைச் சொன்னீராம். முதலில் வந்தவர் ஈசாக்கு என்னும் உப்பளத் தொழிலாளி. ஆண்டவரோடு பேச ஆளரவம் தடையென்று தேரி மணற்காட்டுக்குள் தனியே குடிசையிட்டாராம். அவரைக் காண வந்தவர் சிலர் ஊர் திரும்பாமல், கூப்பிடு தூரத்தில் தத்தமக்கென்று குடிசை கட்டிக்கொண்டனர்; ஒருவர் குடிசைக்கு ஒருவர் போவதில்லை. அவர்களில் ஒருவர் காய்ச்சலில் இறந்தது, நாற்றம் எழுந்த பிறகே தெரிந்ததாம். தனித்திருக்கத்தானே வந்தோம், கேட்பாரற்று அழுகவா வந்தோம் என்று ஈசாக்கு அழுது, நாளுக்கு ஒருவேளையேனும் ஒரே பந்தியில் உண்போம் என்றாராம். பந்திக்கு அழைக்க மணி வந்தது. மணிக்குப் பின் மதில் வந்தது, தந்தை என்றொரு தலைவரும் வந்தார். பந்தியில் பேச்சு பெருகாதிருக்க, ஒருவர் வாசிக்க மற்றவர் முக்காட்டைக் கண்வரை இழுத்து, அடுத்தவர் முகம் பாராமல் உண்ணும் வழக்கமும் வந்தது. தனி ஓலை எவர் கையிலும் தரப்படாது, வருவதெல்லாம் பந்தியிலேயே வாசிக்கப்படும். தந்தை எழுமுன் பந்தியை விட்டு எழுபவன் மடத்தையும் விட்டவனாவான் என்றும் சொன்னீராம்.

அடிகளே, அந்தக் கடைசிச் சொற்களைத்தான் யாம் பிடித்துக்கொண்டோம்; தாங்கள் எழுமுன் எழுந்தால் அவன் மடத்தவன் அல்லன். இனி வருவது பந்தியில் இருக்கும் ஒருவனுக்கு.

மகனே, நீ வந்தால் வெல்வோம் என்று பொய்யுரைக்க மாட்டோம். நீ வந்தால் ஊர் பிழைக்கும், நீ பிழைப்பது அரிது. வராவிடில் நீ பிழைப்பாய்; மற்றது தேரியிலிருந்து பார்த்தாலே புகையாகத் தெரியும். எழுந்து வா என்று ஆணையிட அரசமாதாவுக்கு உரிமையுண்டு. அந்தச் சொல்லை எழுத முயன்றோம்; எழுத்தாணி ஓடவில்லை. எழாதே என்றும் எழுத முடியவில்லை, அரண்மனை வாயிலில் பிள்ளைகளோடு பெண்கள் வந்து நிற்கிறார்கள். உன் முக்காட்டுக்குள் நீ என்ன செய்தாலும் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அந்த அளவில் உங்கள் ஒழுங்கு நல்லது.

அடிகளாருக்கு மீண்டும். சேணமிட்ட குதிரையோடு மருதங்கிழார் தங்கள் மதிலுக்கு வெளியே நிற்பார். பந்தி முடிந்த மணி கேட்டதும், வந்தவரோடோ வெறுங்குதிரையோடோ திரும்பிவிடுவார். மன்னர் முத்திரை மன்னரோடு சிதையில் வைக்கப்பட்டமையால், எம் கை வளையை அரக்கில் அழுத்தி இவ்வோலையை மூடினோம்.

ஆணை ஒன்றே. வாசிப்பவர் குரலைத் தாழ்த்தலாகாது. அவன் பிள்ளைப் பருவம் முதலே மெல்ல உண்பவன். அவன் கலம் ஒழியும்வரை தாங்கள் எழாதிருப்பீராக.