பயமும் சேர்ந்து வருமா

வேலூர், 1987

பாசமுள்ள அண்ணனுக்கு,

அம்மா தூங்கியதும் வார்டு விளக்கடியில் ஒளிந்து எழுதுகிறேன். உன் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டதாம். நாளை என் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து உனக்கு ஏற்றுவார்கள்.

"அதுல விதை மாதிரி அணு இருக்குதும்மா. அது புடிச்சிக்கிச்சின்னா உங்க அண்ணன் உடம்புல ஊறுறதெல்லாம் உன் ரத்தம்தான்" என்றார் டாக்டர்.

"என் பயமும் கூடவே போய்டுமா சார்?"

"போவாது" என்று சிரித்தார். எனக்கு நம்பிக்கை இல்லை.

நீ தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத்தோல் சுமப்பவன். நான் அந்த வாசல் நாற்றத்துக்கே வாந்தி எடுப்பவள். இனி உனக்கும் குமட்டினால், தங்கச்சி ரத்தம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடு.

ஓடிவிடலாம் என்று இரண்டு முறை படிக்கட்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். வீட்டில் பல்லி விரட்ட உன்னை விட்டால் ஆளில்லை. இனி அதைப் பார்த்து நீயே அலறினாலும் சரி, வீட்டுக்கு வந்து அலறு.

உன் பயந்தாங்கொள்ளித் தங்கை